பூர்ணாவுக்கு நான் கொடுத்த நற்சான்று

எங்கள் துறையில் ஓய்வு பெற்றவர்களும் இப்போது பணியில் இருக்கிறவர்களும் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. நாய் கடித்து யாருக்காவது பெரிய காயம் என்று செய்தி வந்தால் போதும், அன்று முழுக்க அதில் வாக்குவாதம்தான். சில இனங்களை வளர்க்கவே விடக் கூடாது என்று ஒரு கட்சி. இனத்தில் ஒன்றுமில்லை, வளர்க்கிறவன்தான் காரணம் என்று இன்னொரு கட்சி. போன மாதம் அப்படி ஒரு நாளில் இளைய ஆய்வாளர் ஒருவர் எழுதினார்: "குணசீலன் சாரைக் கேளுங்க. ட்ரெயினிங்ல ஒரு ராட்வீலர் போட்டோ காட்டுவாரே, ஞாபகம் இருக்கா? அவரு எப்பவும் ஓனர் கட்சி."

நான் பதில் போடவில்லை. அந்தப் போட்டோவை எடுத்த பிறகு நடந்தது அவருக்குத் தெரியாது. பெரும்பாலும் யாருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். எனவே இதை எழுதுகிறேன்.

நான் கால்நடை ஆய்வாளராக முப்பத்து மூன்று வருடம் வேலை பார்த்தேன். பயிற்சி முடித்த முதல் பத்து வருடம் மாடுதான். சினை ஊசி, கோமாரித் தடுப்பூசி, குடற்புழு மருந்து. ஆம்பூர் ஓரத்து மருந்தகத்துக்கு மாற்றலாகி வந்த பிறகுதான் நாய்கள் ஜாஸ்தியாயின. தோல் தொழிற்சாலைகள் நிறைந்த பகுதி. கோடவுனுக்குக் கோடவுன் காவல் நாய் இருக்கும்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் டாக்டர் பிரேமகுமாரி. அதிகம் பேச மாட்டார். நாயைக் கொண்டுவந்தால் முதலில் நாயைப் பார்க்க மாட்டார், கொண்டுவந்தவரைப் பார்ப்பார். "பேர் என்ன?" என்பார். ஓனர் தன் பேரைச் சொன்னால், "உங்க பேர் இல்ல, அதோட பேர்" என்பார். பேரைக் கூப்பிடச் சொல்வார். கூப்பிட்டதும் நாயின் காது எந்தப் பக்கம் போகிறது என்று கவனிப்பார். பிறகு கழுத்துப் பட்டையை ஒரு விரலால் தூக்கிப் பார்ப்பார். "நாய் எப்படி வளந்துச்சுன்னு கழுத்துல எழுதியிருக்கும், குணசீலன்." அப்புறம்தான் ஸ்டெதாஸ்கோப்.

அவரிடம் வேலை பார்த்த ஆறு வருடத்தில் நான் ஓனர் கட்சிக்காரனாகிவிட்டேன். அதற்குக் காரணமும் இருந்தது. வாணியம்பாடி ரோட்டில் பழக்கடை வைத்திருந்த ஒருவரிடம் டாபர்மேன் ஒன்று இருந்தது. அவர் பேத்தி அதன் வயிற்றில் தலை வைத்துத் தூங்குவாள். அதே தெருவில் ஒரு மெக்கானிக் வளர்த்த நாட்டு நாய் நாலு பேரைக் கடித்திருந்தது. அதன் பட்டையைத் தூக்கினால் சைக்கிள் செயினால் அடித்த தழும்பு வரிவரியாக இருந்தது. இந்த மாதிரி பத்துப் பன்னிரண்டு பார்த்துவிட்டால் போதும், மனுஷனுக்கு ஒரு தத்துவம் வந்துவிடுகிறது. வளர்ப்புதான் எல்லாம் என்று நான் போகிற இடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். டாக்டரம்மா அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை. அவர் கழுத்தைப் பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். மிச்சத்தை நானாகச் சேர்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் அந்தத் தொழிற்சாலையிலிருந்து கேஸ் வந்தது. பெயர் வேண்டாம். பாபு என்ற லோடுமேன் தார்ப்பாய் எடுக்கப் போனபோது காவல் நாய் சங்கிலியைக் கழற்றிக்கொண்டு அவர் முன்னங்கையைப் பிடித்துவிட்டது. இரண்டு பேர் இரும்புக் கம்பியால் அடித்தும் விடவில்லையாம். ஆஸ்பத்திரியிலிருந்து எங்களுக்குக் கடிதம் வந்தது, நாயைப் பத்து நாள் கண்காணிக்கச் சொல்லி.

இந்தப் பத்து நாள் முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடித்த நாய்க்கு ரேபிஸ் இருந்தால் பத்து நாளுக்குள் நோய் வெளியே தெரிந்து செத்துவிடும். பத்தாம் நாளும் அது நன்றாக இருந்தால், கடித்த அன்று அதன் எச்சிலில் நோய் இல்லை என்று அர்த்தம். தினமும் போய்ப் பார்க்க வேண்டும். தாடை தொங்குகிறதா, எச்சில் ஒழுகுகிறதா, குரல் மாறியிருக்கிறதா, கல்லையும் கட்டையையும் கடிக்கிறதா, ஆள் அடையாளம் தெரிகிறதா. டாக்டரம்மா இதில் ரொம்பக் கண்டிப்பு. "தண்ணி குடிச்சுச்சு சார்னு வாட்ச்மேன் சொல்றத எழுதக் கூடாது. நீங்களே கிண்ணத்துல ஊத்தி வைங்க. அது முழுங்குறத நீங்களே பாருங்க. தொண்டை அசையணும்."

முதல் நாள் போனேன். பச்சைத் தோல் கோடவுனுக்குப் பின்னால் ஒரு இரும்புக் கூண்டு. ராட்வீலர், மூன்று வயது, ஆண். பெயர் புரூனோ. வாலைக் குட்டியிலேயே வெட்டியிருந்தார்கள். தோலுக்குப் போடும் உப்பு தரையெல்லாம் சிதறிக் கிடந்தது, நாயின் பாதங்கள் வெந்து சிவந்திருந்தன. பக்கத்து ஷெட்டில் தோல் ஊறும் மரப் பீப்பாய்கள் நாள் முழுக்க உருண்டுகொண்டிருந்தன. நான் கிண்ணத்தைத் தள்ளியதும் நாய் கம்பியில் வந்து மோதியது. தண்ணீர் எல்லாம் கொட்டிவிட்டது. மூன்றாவது தடவைதான் குடித்தது.

மேனேஜர் ஏசி ரூமில் உட்காரவைத்து டீ கொடுத்தார். "ஒரு வேளைதான் சாப்பாடு சார். பசி இருந்தாத்தான் காவலுக்கு ஆவும். நம்ம பசங்க கழியால குத்தி விடுவாங்க, ரோஷம் வரணும்ல? இப்போ ரொம்ப பேஜாராப் போச்சு. பத்து நாள் முடிஞ்சதும் ஊசி போட்டு முடிச்சிடுங்க."

"குத்தி விட்டா கடிக்காதா சார்?"

"அதுக்கில்ல. அந்த ஜாதியே அப்படி. ரத்தத்துல கீது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அன்றே முடிவு செய்துவிட்டேன், இந்த நாயைச் சாகவிட மாட்டேன் என்று. நாயின் மேல் இரக்கம் என்று இவ்வளவு நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால் பாதிதான் இரக்கம். மீதி அந்த மேனேஜர் தப்பு என்று காட்ட வேண்டும் என்ற வெறி.

கூண்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையைச் சின்னப்பன் என்ற வாட்ச்மேனுக்கு மாற்றியிருந்தார்கள். அவரும் மனைவி கோவிந்தம்மாவும் காம்பவுண்டுக்குள்ளேயே ஒரு ரூமில் இருந்தார்கள். பிள்ளைகள் இல்லை. கோவிந்தம்மா வீட்டிலிருந்தபடியே ஷூவின் மேல்தோலைக் கையால் தைத்துக் கொடுக்கும் வேலை செய்தார். இந்தப் பக்கம் அப்பர் தைக்கிறது என்று சொல்வார்கள். மூன்றாம் நாள் அவர் கேழ்வரகுக் களியைத் தட்டில் கொண்டுவந்து கூண்டுக்குக் கீழே தள்ளினார். நாய் தின்றது. நாலாம் நாளும் தின்றது. ஐந்தாம் நாள் அவர் கூண்டுப் பக்கத்திலேயே ஒரு சாக்கைப் போட்டு உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தார். நாய் கம்பியில் முதுகைச் சாய்த்துப் படுத்திருந்தது.

"பயமா இல்லையாம்மா?"

"இன்னா பயம்? பசில கீற சீவன் சார். பூர்ணான்னு கூப்டா திரும்பிப் பாக்குது பாருங்க."

புரூனோ என்று அவர் வாயில் வரவில்லை. பூர்ணா ஆகிவிட்டது. உண்மையிலேயே காது அவர் பக்கம் திரும்பியது. டாக்டரம்மா கவனிக்கச் சொன்ன அதே காது.

ஆறாம் நாள் டாக்டரம்மா வந்தார். காஸ் துணியைச் சுருக்குப் போட்டு வாயைக் கட்டி, சின்னப்பன் தலையைப் பிடிக்க, நான் இடுப்பைப் பிடித்தேன். பட்டையைத் தூக்கினார். சங்கிலி அறுத்து, காலணா அகலத்துக்குப் புண். உள்ளே புழு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்தார். நாய் நடுங்கியது, முனகியது, கடிக்க முயலவில்லை. நான் டாக்டரம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், எல்லாம் வளர்ப்புதான் என்று இப்போதாவது சொல்வார் என்று. அவர் கையைக் கழுவிக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

பத்தாம் நாள் டாக்டரம்மாவும் கூட வந்தார். நாய் நன்றாக இருந்தது. தொண்டை அசையத் தண்ணீர் குடித்தது. படிவத்தில் 'ஆரோக்கியமாக உள்ளது' என்று எழுதினேன். மேனேஜர் ஊசிக்கு மனு எழுதித் தயாராக வைத்திருந்தார். சின்னப்பன் கோடவுன் வாசலில் வந்து நின்றார்.

"மேடம், நான் எடுத்துனு போறேன். ஊர்ல எடம் கீது. அவளும் கேக்குறா."

டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்தார். "நீங்க என்ன நினைக்கிறீங்க?"

"வளர்ப்புதான் மேடம். நீங்களே கழுத்தைப் பார்த்தீங்க. நல்ல கைக்குப் போனா சரியாயிடும்."

"வளர்ப்புதான்னா, இதுக்கு வளர்ப்பு முடிஞ்சு போச்சு, குணசீலன். மூணு வருஷம். அதை யாரும் திருப்பி எடுக்க முடியாது. இன்னொண்ணு. அந்த மெக்கானிக்கோட நாயும் கெட்டுப்போன நாய்தான். கடிச்சிட்டு ஓடுச்சு. இது ஓடாது. பிடிச்சா விடாம இருக்கத்தான் இந்த உடம்பு. இது கடிக்குமா கடிக்காதான்னு எனக்குத் தெரியாது. கடிச்சா என்ன ஆகும்னு தெரியும்."

"பத்து நாளா நான் பாக்குறேன் மேடம். அந்தம்மா பக்கத்துல பூனை மாதிரி இருக்கு."

"நீங்க பொறுப்பா?"

"நான் பொறுப்பு மேடம்."

 அவர் மனுவை மடித்து மேனேஜரிடம் திருப்பிக் கொடுத்தார். என் படிவத்தின் கீழே தன் கையால் நாலு வரி எழுதினார். ஆடு கோழி இருக்கும் இடத்தில் அவிழ்த்துவிடக் கூடாது. வெளியே வரும்போது வாய்க்கூடு போட வேண்டும். சுற்றுச் சுவரோ வேலியோ தனியாக வேண்டும். எதையாவது கவ்விப் பிடித்திருக்கிறபோது வாய்க்குள் கையை நுழைக்கக் கூடாது, பிடியை விடவைக்கத் தண்ணீர் வாளியும் போர்வையும் தயாராக வைத்திருக்க வேண்டும். கையெழுத்துப் போட்டார்.

கோவிந்தம்மா படிக்கத் தெரியாதவர். அந்தத் தாளை என்னிடம் நீட்டி, "இன்னா சார் எழுதிக்கீது?" என்று கேட்டார். நான் ஆடு கோழியைச் சொன்னேன், வாய்க்கூட்டைச் சொன்னேன். கடைசி வரியைச் சொல்லவில்லை. பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன். "எல்லா நாய்க்கும் இப்படித்தாம்மா எழுதுவாங்க. மத்ததெல்லாம் உங்க கையிலதான் இருக்கு" என்றேன்.

அந்த மாதமே அவர்கள் வேலையை விட்டு, ஆலங்காயம் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். சின்னப்பனுக்கு அங்கே ரைஸ் மில்லில் வேலை கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பைக்கில் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பாதம் ஆறியது. கழுத்தில் முடி முளைத்தது. கோவிந்தம்மா தைக்கும்போது அவர் கால்மேல் தாடையை வைத்துப் படுத்திருக்கும். நூல் உருண்டை உருண்டு போனால் கவ்விக்கொண்டு வந்து கொடுக்கும். அப்படி ஒரு நாள் எடுத்ததுதான் அந்தப் போட்டோ. பயிற்சி வகுப்பில் காட்டினேன், வேலூரில் நடந்த கூட்டத்தில் காட்டினேன். இனமா, வளர்ப்பா என்று யாராவது கேட்டால் போனை எடுத்து நீட்டிவிடுவேன்.

வாய்க்கூட்டை அவர்கள் கழற்றி மாட்டிவைத்திருந்ததை முதலில் பார்த்தபோதே நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அது மட்டுமில்லை. சின்னப்பன் ஒரு நாள், "கட்டிப் போட்டாத் தேவலையா சார்? பக்கத்து ஊட்டுல ஆடு வாங்கிக்கீறாங்க" என்று கேட்டார். "கட்டி வெச்சுத்தாங்க அது கெட்டுப்போச்சு. மறுபடியும் சங்கிலியா?" என்றேன் நான். அவர் தலையாட்டினார். அரசாங்கத்து ஆள் சொன்னால் கேட்டுக்கொள்கிறவர்.

ஒரு வருடம் கடந்து இரண்டு மாதம் இருக்கும். பக்கத்து வீட்டு ஆடு குட்டி போட்டிருந்தது. காலை பத்து மணிக்கு ஒரு குட்டி கத்திக்கொண்டே படல் சந்தில் நுழைந்து இவர்கள் வாசலுக்கு வந்துவிட்டது. பூர்ணா எழுந்து போய் அதைக் கவ்வியது. கோவிந்தம்மா தையலைப் போட்டுவிட்டு ஓடி, "விட்றா, பூர்ணா விட்றா" என்று அதன் வாய்க்குள் கையை விட்டார். ஒவ்வொரு நாளும் அந்த வாயிலிருந்து நூல் உருண்டை வாங்கிய கை.

அக்கம்பக்கத்தார் உலக்கையால் அடித்தார்கள். தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. விட்ட பிறகு அது நேராகப் போய் அவர் தைக்கிற சாக்கில் படுத்துக்கொண்டது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள்.

சின்னப்பன் போன் செய்தபோது ஆம்புலன்ஸ் வேலூருக்குக் கிளம்பிவிட்டது. நான் ஊருக்குப் போனபோது நாயைப் புளிய மரத்தில் கட்டியிருந்தார்கள். பத்து நாள் கண்காணிக்கவெல்லாம் விட மாட்டோம் என்று கடப்பாரையோடு ஆட்கள் நின்றார்கள். அந்தப் பக்கத்து மருந்தகத்தின் டாக்டர், சின்ன வயசுக்காரர், ஊசியோடு வந்திருந்தார். "சார், உங்களுக்குப் பழகின நாய்னு சொல்றாங்க. நீங்க கால பிடிங்க" என்றார். நான் முட்டி போட்டேன். நான் கேட்காமலே அது முன்னங்காலைத் தூக்கி என் கையில் வைத்தது. கட்டைவிரலால் நரம்பை அழுத்திப் பிடித்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் ரொம்ப நேரம் ஆகவில்லை.

டாக்டர் பிரேமகுமாரி அப்போது ஆற்காடு பக்கம் மாற்றலாகிப் போயிருந்தார். போனில் சொன்னேன்.  "கடைசி வரியைப் படிச்சுக் காட்டுனீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன்.  அவர் சொன்னார்: "யாராவது விசாரிச்சா என் கையெழுத்துன்னு சொல்லுங்க. என் கையெழுத்துதான்."

யாரும் விசாரிக்கவில்லை. நான் பொறுப்பு என்று சொன்னதை அவர் ஒருவர்தான் கேட்டிருந்தார், அவரும் அதை யாரிடமும் சொல்லவில்லை. பதவி உயர்வுகூட நேரத்துக்கு வந்தது.

மூன்று மாதம் கழித்து அதே தொழிற்சாலையிலிருந்து தடுப்பூசி போடக் கூப்பிட்டார்கள். போனேன். அதே கூண்டு, அதே உப்பு. உள்ளே நாலு மாத ராட்வீலர் குட்டி ஒன்று. கம்பி வழியாக என் விரலை நக்கியது. மேனேஜருக்குச் செய்தி எட்டியிருந்தது. தோளில் கை போட்டார்.

"நான் அன்னிக்கே சொன்னேன்ல சார்? ரத்தத்துல கீதுன்னு. நீங்கதான் கேக்கல."

 அந்தக் குட்டிக்குத் தடுப்பூசி போட்டுவிட்டு, அட்டையில் தேதி எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கூண்டைப் பற்றி மேலே ஒரு கடிதம் எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. நானும் மறுபடி எழுதவில்லை.

கோவிந்தம்மாவைப் பார்க்கப் போகவே எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டிருந்தார்கள். வாசலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, உள்ளே போய், இடது கையால் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் திட்டு வாங்கத்தான் போயிருந்தேன். அவர் திட்டவில்லை.

"சார், ஒண்ணு கேக்கணும். நான் தப்பா வளத்துட்டேனா?"

"இல்லம்மா."

"எங்க கையிலதான் கீதுன்னு நீங்க சொன்னீங்க. ஒரு நா அடிச்சதில்ல சார். பட்னி போட்டதில்ல. அப்போ நான் எங்க தப்பு பண்ணேன்? ஆஸ்பத்திரில படுத்துனு அதான் யோசிச்சுனு இருந்தேன்."

நான் கடைசி வரியைப் பற்றிச் சொன்னேன். டாக்டரம்மா எழுதியிருந்ததையும் நான் படிக்காமல் விட்டதையும், சங்கிலி வேண்டாம் என்று சின்னப்பனிடம் சொன்னதையும் சொன்னேன்.  அவருக்குக் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வுடுங்க சார். நீங்க படிச்சுக் காட்டியிருந்தாலும் நான் கைய வுட்டிருப்பேன். என் பூர்ணான்னு நெனச்சேன்ல" என்றார். அதில் ஆறுதல் இருந்ததா, குற்றச்சாட்டு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பிறகு ஒரு பையை இழுத்தார். உள்ளே ஒரு பழைய ஷூவின் மேல்தோல். அதை இரண்டு முட்டிக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு, ஊசியையும் நூலையும் என்னிடம் நீட்டினார். "கோத்துக் குடுங்க. இதான் என்னால முடியல." கோத்துக் கொடுத்தேன். இடது கையால் குத்தினார். ஊசி வழுக்கியது. மறுபடி குத்தினார். நாலு தையல் போட்டார், நாலும் நாலு பக்கம் போயிருந்தது. "பழகினு கீறேன்" என்றார்.

தெருமுனையில் டி.வி.எஸ் வண்டிச் சத்தம் கேட்டது. தையல் வேலை கொண்டுவரும் ஏஜென்ட். வண்டியின் இரண்டு பக்கமும் மூட்டை. கோவிந்தம்மா முந்தானையை இழுத்து வலது கையை மூடிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவன் எதிர் வீட்டில் ஒரு மூட்டை இறக்கினான், பக்கத்து வீட்டில் ஒன்று இறக்கினான். இவர் வாசலுக்கு நேராக வந்தபோது வண்டியை நிறுத்தவில்லை. பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான்.

"அடுத்த வாரம் தர்றேன்னு சொல்லிக்கீறான்" என்றார் கோவிந்தம்மா. ஒவ்வொரு வாரமும் அப்படித்தான் சொல்கிறான் என்று, நான் வண்டியை எடுக்கும்போது சின்னப்பன் மெதுவாகச் சொன்னார்.